ஏர் கட்டாத நாள்

அமாவாசை அன்னைக்கு எங்க பக்கம் ஏர் கட்ட மாட்டாங்க. மழை பெய்து வயல் நல்ல பதமா கிடந்தாலும் சரி, பக்கத்து வயக்காரர் உழுது முடிச்சு நாத்து விட்டிருந்தாலும் சரி, அன்னைக்கு நுகத்தடி மாட்டுக் கழுத்துல ஏறாது. சாமி கும்பிடுறவர், கும்பிடாதவர் எல்லாருக்கும் பொதுவான கட்டு அது. ஏன்னு கேட்டா ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. முன்னோருக்குப் படைக்கிற நாள்ம்பாங்க. பூமியைக் கிளறக் கூடாதும்பாங்க. எங்க அப்பா சொன்ன காரணம் ரொம்பச் சுருக்கம்: "மாடு பாவம்டா."

போன மாசம் சென்னையிலேர்ந்து ஒரு நண்பர் வந்து ரெண்டு நாள் தங்கியிருந்தார். கம்ப்யூட்டர் வேலை. பேச்சுவாக்குல கேட்டார்: "அண்ணே, உடம்பு முடியலைன்னா லீவு போட்டுடலாம். மனசு முடியலைன்னா என்ன சொல்லி லீவு போடுறதுன்னு தெரியல. அப்படியே போட்டாலும் படுத்துக் கிடக்கறதுக்கு ஏதோ குத்தம் பண்ணின மாதிரி இருக்கு. ஊர்ல இதுக்கெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவா சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. முடியாத நாள்ல கொஞ்சமா வேலை செஞ்சா போதும்னு நமக்கு நாமே அனுமதி கொடுத்துக்கணும்னு இப்போ நிறையப் பேர் சொல்றாங்க. சரிதான். ஆனா அந்த அனுமதிக்கு ஒரு வரலாறு இருக்கு. எங்க தஞ்சாவூர்ச் சீமையில அது முதல்ல மாட்டுக்குக் கிடைச்சுது. அப்புறம் மில்லுக்குப் போனவங்களுக்குக் கிடைச்சுது. வயல்ல குனிஞ்சு நின்னவங்களுக்குக் கடைசியாத்தான் வந்துது, அதுவும் இன்னும் முழுசா வந்து சேரல. இது தெரிஞ்சா, சும்மா இருந்தா நமக்கு ஏன் உறுத்துதுங்கறதும் கொஞ்சம் புரியும்.

முதல்ல அமாவாசைக் கதையை முடிச்சுடறேன்.

வருஷத்துக்குப் பன்னெண்டு, பதிமூணு அமாவாசை. அதோட மாட்டுப் பொங்கல். இந்த நாள்கள்ல மாட்டுக்கு வேலை கிடையாது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. விவசாயிக்கு உடம்பு வலிகூடப் பெரிசில்ல. பக்கத்து வயல்ல ஏர் ஓடுறதைப் பார்த்துக்கிட்டு நாம சும்மா உட்கார்றதுதான் பெரிய வலி. பருவம் போயிடுமோ, ஆறு வத்திடுமோன்னு அடிச்சுக்கும். அமாவாசையில அந்தப் பிரச்சினையே இல்ல. யாரும் கட்டறதில்ல, அதனால யாரும் பின்தங்கறதும் இல்ல. யார்கிட்டயும் கேக்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். ஊரே சேர்ந்து நிக்கறதால ஒருத்தர் நிக்கறது வெளியில தெரியாது.

அன்னைக்கு ஒண்ணுமே செய்ய மாட்டாங்கன்னு நினைக்காதீங்க. மாட்டுக்கு வைக்கோல் போடணும், தண்ணி காட்டணும், சாணி அள்ளணும். மத்தியானத்துக்கு மேல புளியமரத்தடியில உட்கார்ந்து பூட்டாங்கயிறு திரிப்பாங்க, தேஞ்ச கொழுவைக் கொல்லப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போவாங்க. நிறுத்தக் கூடாத வேலை மட்டும் நடக்கும். நிறுத்தக்கூடிய வேலை நிக்கும். எது எதுங்கறது ஊருக்கே தெரியும்.

துக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. சாவு விழுந்த வீட்ல அடுப்பு மூட்ட மாட்டாங்க. சம்பந்தி வீடு, பங்காளி வீடு, அக்கம்பக்கத்துல இருந்து சாப்பாடு வரும். பொணம் எடுக்கிற வரைக்கும் அந்தத் தெருவுல யாரும் வயலுக்குப் போக மாட்டாங்க. எடுத்த பிறகும் பதினாறு முடியற வரைக்கும் அந்த வீட்டுக்காரர்கிட்ட ஊர் பெரிசா எதையும் எதிர்பார்க்காது. அவர் வயலுக்கு மடை திறந்து விடுறதைப் பக்கத்து வயக்காரர் பார்த்துக்குவார். "அவன் பாவம், விடு"ங்கற ஒரு வார்த்தையில எல்லாம் முடிஞ்சிடும். முடியாத நாளுக்கான அனுமதிச் சீட்டு அதுதான்.

இதையெல்லாம் படிச்சுட்டு அந்தக் காலம் பொற்காலம்னு யாரும் எழுதிடாதீங்க. நான் சொன்னது நிலம் வெச்சிருந்தவங்க கதை. மாடு வெச்சிருந்தவங்க கதை.

எங்க ஊர்ல ஒரு பெரியவர் இருந்தார். சின்ன வயசுல பண்ணையாளா இருந்தவர். இறந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அமாவாசை பத்தி ஒரு தடவை அவர்கிட்டப் பேச்சு வந்துது. அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "ஏர் கட்டக் கூடாதுன்னுதானே தம்பி சட்டம்? மம்பட்டி எடுக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லலியே." அமாவாசையில மாடு கொட்டில்ல அசை போடும். பண்ணையாள் வரப்பு வெட்டுவார், எருக்குழி அள்ளுவார், மிராசுதார் தோப்புல தேங்காய் பொறுக்குவார். நுகத்தடி இறங்கினது மாட்டுக் கழுத்துலேர்ந்து மட்டுந்தான்.

பண்ணையாள்னா மாசச் சம்பளக்காரர் இல்ல. கல்யாணத்துக்கோ சாவுக்கோ மிராசுதார்கிட்ட வாங்கின கடன்ல குடும்பமே கட்டுப்பட்டுக் கிடக்கும். அப்பன் வாங்கின கடனுக்குப் பிள்ளை ஏர் பிடிப்பான், பொண்டாட்டி நடவு நடுவா, சின்னப் பையன் மாடு மேய்ப்பான். கூலி நெல்லாத்தான் அளப்பாங்க. காய்ச்சல்னு படுத்தா காரியக்காரர் தெருமுனையில வந்து நின்னு குரல் கொடுப்பார். வேலைக்கு நேரம் கழிச்சு வந்தாலும், எதிர்த்துப் பேசினாலும் சவுக்கடி. அதுக்கு மேல சாணியைக் கரைச்சுக் குடிக்க வைக்கிற கொடுமை. இதெல்லாம் கட்டுக்கதை இல்ல. கீழத்தஞ்சையில வாய்வழியா மட்டும் இல்ல, எழுத்துலயும் பதிவான விஷயம்.

பண்ணையில கட்டுப்படாத கூலி ஆள்களுக்கு வேற கஷ்டம். ஏர் கட்டாத நாள்ல அவங்களுக்கு வேலையும் இல்ல, நெல்லும் இல்ல. மாடு வேலை செய்யாத அன்னைக்கும் வைக்கோல் உண்டு. ஆளுக்கு வேலை இல்லாத அன்னைக்குக் கஞ்சி இல்ல. ஓய்வுக்கும் வேலையில்லாமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வயிறு நிறைஞ்சிருந்தா அதுக்குப் பேரு ஓய்வு. இல்லைன்னா அதுக்குப் பேரு பட்டினி. வெளியிலேர்ந்து பார்க்கிறவங்களுக்கு ரெண்டுமே ஒரு ஆள் மரத்தடியில உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும்.

இப்போ வயலை விட்டுக் கொஞ்சம் மில்லுப் பக்கம் போயிட்டு வருவோம். இன்னைக்கு நாம சாதாரணமா சொல்ற "ஞாயித்துக்கிழமை லீவு" அங்கதான் பிறந்துது.

பம்பாய்ப் பஞ்சாலைகள்ல விடியறதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் கட்டாய ஓய்வுங்கற பேச்சே கிடையாது. 1881-ல வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் மாசத்துக்கு நாலு நாள் லீவு கொடுத்தது குழந்தைத் தொழிலாளர்களுக்கு மட்டும். குழந்தைங்க மில்லுல வேலை செய்யறது அப்போ சட்டப்படி சரி, அதையும் கவனிங்க. நாராயண் மேகாஜி லோகாண்டே, ஜோதிராவ் பூலேவோட சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். 1884-ல அவர் மில் தொழிலாளர்களைக் கூட்டி ஒரு மனு தயார் பண்ணினார். 5,500 பேர் அதுல கையெழுத்து. முதல் கோரிக்கை, ஞாயித்துக்கிழமை முழு ஓய்வு. அப்புறம், மத்தியானம் அரை மணி நேரம் இடைவேளை.  அந்த ஒரு நாள் கிடைக்க ஆறு வருஷம் ஆச்சு. 1890 ஜூன் மாசம் மில் முதலாளிகள் ஒத்துக்கிட்டாங்க. 1891 சட்டம் வார விடுமுறையை எல்லாத் தொழிலாளிக்கும்னு எழுதிச்சு.

சட்டத்துல எழுதின ஞாயித்துக்கிழமை தூத்துக்குடிக்கு வந்து சேர இன்னும் பதினேழு வருஷமும் ஒரு வேலைநிறுத்தமும் ஆச்சு. 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினாங்க. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால நின்னாங்க. கூலி உயர்வு வேணும், வாரம் ஒரு நாள் லீவு வேணும், மத்த விடுமுறைகளும் வேணும்னு கேட்டாங்க. ஒன்பது நாள் போராட்டம். ஊர் மக்கள் கூடவே நின்னாங்க. கடைசியில நிர்வாகம் இறங்கி வந்து கூலியை ஏத்துச்சு, வேலை நேரத்தைக் குறைச்சுது, ஞாயித்துக்கிழமை லீவும் கொடுத்துச்சு. வ.உ.சி.ன்னா நமக்குக் கப்பல்தான் ஞாபகம் வரும். தொழிலாளிக்கு ஞாயித்துக்கிழமை வாங்கிக் கொடுத்தவர்ங்கறது அவ்வளவா ஞாபகம் வராது.

வேலைநிறுத்தம் முடிஞ்ச ஒரு வாரத்துக்குள்ள, மார்ச் 12-ஆம் தேதி, அவரைக் கைது பண்ணிட்டாங்க. தண்டனை ஆயுள் தண்டனை, அப்புறம் மேல்முறையீட்டுல குறைஞ்சுது. கோயம்புத்தூர் சிறையில அவரை என்ன செய்ய வெச்சாங்கன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. செக்கு இழுக்க வெச்சாங்க. மாடு இழுக்க வேண்டிய செக்கை.

எண்ணெய்ச் செக்கு ஓடினதைப் பார்த்த தலைமுறை நான். செக்கு மாடு வட்டமாவே சுத்திச் சுத்தி வரும். ஏர் மாட்டுக்காவது சால் முடிஞ்சு திரும்புற இடத்துல ஒரு மூச்சு கிடைக்கும். செக்கு மாட்டுக்கு அந்தத் திரும்பற இடமே கிடையாது. வேலை பார்க்கிறவங்களுக்கு வாரத்துல ஒரு நாள் ஓய்வு வேணும்னு கேட்ட மனுசரை அந்தத் தடத்துல நடக்க வெச்சாங்க. யாரும் யோசிச்சு அப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க, சிறையில அது வழக்கமான வேலைதான். இருந்தாலும் அமாவாசை அன்னைக்குக் கொட்டில்ல நிக்கற மாட்டைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வந்துடும்.

பத்து வருஷம் கழிச்சு, 1918 ஏப்ரல்ல, சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாச்சு. பெரம்பூர் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் மில் ஆள்கள்தான் அதுக்கு அடிப்படை. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. எல்லாம் அதுல இருந்தாங்க. அங்கயும் முதல்ல எழுந்த குறைகள்ல ஒண்ணு என்னன்னா, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடற நேரம் போதலை. கை கழுவி, சோத்தை அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடி வர்றதுக்குள்ள கதவை மூடிடுவாங்கங்கற பயம். பெரிய பெரிய இயக்கங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கியிருக்கு. பத்து நிமிஷம் கூடக் கொடுங்கன்னு.

இனி மறுபடி தஞ்சாவூர் வயலுக்கு வருவோம். மில்லுக்கு ஞாயித்துக்கிழமை வந்த பிறகும் பண்ணையாளுக்கு ஒரு கிழமையும் வரலை. 1943-ல மன்னார்குடிப் பக்கம் தென்பரையில விவசாயிகள் சங்கம் தொடங்குச்சு. தென்கன்னடத்துலேர்ந்து வந்த பி.சீனிவாசராவ் ஊர் ஊரா நடந்து போய் ஆள்களைக் கூட்டினார். அவங்க முதல்ல கேட்டது நிலத்தை இல்ல. சவுக்கால அடிக்காதே, சாணிப்பால் குடிக்க வெக்காதே, மரக்காலை ஒழுங்கா அள. மனுசனை மனுசனா நடத்துங்கறதுதான் கோரிக்கை. 1940-கள்ல பல ஊர்ல மிராசுதார்கள் ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. 1952-ல தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துது. நினைச்ச மாத்திரத்துல ஆளை நிறுத்தறது அதுக்கப்புறம் கஷ்டமாச்சு. கூலிச் சண்டை அதோட முடியல. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேர் குடிசைக்குள்ள எரிஞ்சு செத்தாங்க. அதுக்கு அடுத்த வருஷம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்துது.

நான் மேல சொன்ன பெரியவர் ஒரு நாள் சொன்னார்: "சங்கம் வந்தப்புறம் எனக்குக் கெடச்சது ரெண்டு தம்பி. ஒண்ணு, சட்டை. இன்னொண்ணு, உடம்பு முடியலைன்னு வாயால சொல்ற தைரியம். அதுக்கு முன்னாடி முடியலைன்னு சொல்ல மாட்டோம், விழுந்துடுவோம்."

இந்த வாக்கியத்தை நான் அடிக்கடி நினைச்சுப் பார்க்கிறது உண்டு. நம்ம ஆள்கள்ல பலருக்கு இன்னைக்கும் முடியலைன்னு சொல்ல வராது. விழற வரைக்கும் நடப்பாங்க. அது வைராக்கியம்னு நாமளும் பாராட்டுவோம். ஆனா அந்தப் பழக்கத்துல பாதி, தெருமுனையில வந்து நின்ன காரியக்காரர் குரல்லேர்ந்து வந்தது. காரியக்காரர் போயிட்டார், குரல் மட்டும் நம்ம தலைக்குள்ள தங்கிடுச்சு. சென்னை நண்பருக்கு லீவு நாள்ல கேக்கறதும் அந்தக் குரலாத்தான் இருக்கணும்.

பெண்கள் கதையையும் சொல்லணும். "அந்தக் காலத்துல மாசத்துல மூணு நாள் பொம்பளைங்களுக்கு ரெஸ்ட் கொடுத்தாங்க"ன்னு சிலர் பெருமையா பேசுவாங்க. வீட்டுக்குத் தூரம்னு சொல்லி, கொட்டில் ஓரத்துல தனித் தட்டோட உட்கார வெச்சதை ரெஸ்ட்னு எப்படிச் சொல்றது? தீட்டுன்னு தள்ளி வெக்கறது வேற, இன்னைக்கு நீ படுத்துக்கோம்மான்னு சொல்றது வேற. அதுவும் நிலம் உள்ள வீட்டுப் பெண்களுக்குத்தான். நடவுக்குப் போற பெண்கள் அந்த மூணு நாளும் சேத்துல குனிஞ்சுதான் நின்னாங்க. கூலியை விட முடியாது.

பிரசவத்துக்கும் அதே நிலைமை. பம்பாய்ச் சட்டசபையில 1928-ல பிரசவ கால நிவாரண மசோதா வந்தப்போ அம்பேத்கர் அதை ஆதரிச்சுப் பேசினார். ஆலைப் பெண்களுக்கான சட்டம் அடுத்த வருஷம் வந்துது. நாடு முழுக்க 1961-ல வந்துது, 2017-ல 26 வாரமா உயர்ந்துச்சு. இதுல எதுவும் நாத்து நடுற பெண்ணுக்குப் பொருந்தாது, அவளுக்கு முதலாளியே தினம் ஒருத்தர். தமிழ்நாட்டுல 1987-ல தொடங்கின டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைச்சுது. கர்ப்பிணியா இருக்கறப்போ இழக்கிற கூலிக்கு ஈடாத்தான் அந்தப் பணம்.

மத்த சட்டங்களையும் ஒரு பார்வை பார்த்துடுவோம். 1948 தொழிற்சாலைச் சட்டப்படி இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவு இருந்துது. இ.எஸ்.ஐ.யில டாக்டர் சீட்டு இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் உடம்பு முடியாத காலத்துக்குப் பணம். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. இந்தத் "தற்செயல்"ங்கற வார்த்தை எனக்குப் பிடிக்கும். வாழ்க்கையில சில நாள் தற்செயலா கெட்டுப் போகும்னு ஒரு அரசாங்கமே ஒத்துக்கிட்டு அதுக்குப் பன்னெண்டு நாளை ஒதுக்கியிருக்கே! வயல் மட்டும் தொழிற்சாலைக் கணக்குல வராது. அதனால வயல்ல நிக்கறவருக்கு இதுல ஒண்ணும் இல்ல.

மாட்டுக்கு உண்டு. இழுவை மாடுகள், பொதி சுமக்கிற விலங்குகளுக்கான விதிகள் 1965-ல வந்துது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாம ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரிக்கு மேல போற இடத்துல பகல் பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் பூட்டவே கூடாது. நல்ல விதி, குறை சொல்லலை. ஆனா சித்திரை வெயில்ல உளுந்து பிடுங்கற அக்காவுக்கு இதே மாதிரி ஒரு விதி இருக்கான்னு தேடிப் பாருங்க. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடரா அறிவிச்சதே 2024-லதான்.

2005-ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துல ஒரு வரி இருந்துது. வேலை நடக்கிற இடத்துல குடிதண்ணி, குழந்தைகளுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி, அதோட ஓய்வு நேரமும் இருக்கணும்னு. நகரத்துலேர்ந்து காரில் போறப்போ ஏரிக்கரையில மரத்தடியில பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தா, "சும்மா உட்கார வெச்சுச் சம்பளம்"னு உடனே சொல்லிடறோம். அந்தப் பெண்கள்ல அறுபது வயசைத் தாண்டினவங்க நிறையப் பேர். அவங்க அம்மாக்கள் உடம்பு முடியலைன்னு சொல்லவே தெரியாம இருந்தவங்க. கூலியோட மரத்தடியில உட்கார்றது அந்தக் குடும்பங்களுக்கு முதல் தலைமுறை அனுபவம். வேலை சரியா நடக்கணும்ங்கறதுல எனக்கும் மாத்துக் கருத்து இல்ல. அந்த நிழலைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம்ங்கறேன், அவ்வளவுதான்.

கடைசியா எங்க ஊர் மொத்தமும் முடியாமப் போன ஒரு காலத்தைச் சொல்றேன். 2018 நவம்பர் 16, விடியக்காலம் கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு தென்னந்தோப்பு மேல நடந்து போச்சு. என்கிட்ட இருந்த எழுபத்திரண்டு மரத்துல பதினொண்ணு நின்னுது. ஒரு தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். விழுந்த மரம் அப்பா வெச்சது.

வெளியூர்லேர்ந்து போன் வந்துகிட்டே இருந்துது, ஜெனரேட்டர் வெச்சு யாராவது சார்ஜ் போட்டுக் கொடுத்த நேரத்துல. "அடுத்து என்ன பண்ணப் போறீங்க? மரத்தை எப்போ அப்புறப்படுத்துவீங்க? மனு கொடுத்தாச்சா?" எல்லாம் அக்கறையான கேள்விதான். பதில்தான் யார்கிட்டயும் இல்ல. அப்போ ஊர் என்ன செஞ்சுதுன்னா, ரொம்பக் கொஞ்சமா செஞ்சுது. தெருவை மறிச்ச மரத்தை மட்டும் வெட்டி ஒதுக்கினாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டினாங்க. மாரியம்மன் கோயில் வாசல்ல ஒரு பெரிய அண்டாவுல கஞ்சி காய்ச்சினாங்க, எல்லா வீட்டு அரிசியும் அதுல விழுந்துது. அதைத் தாண்டி ஒரு பத்து நாள் யாரும் ஒண்ணும் செய்யலை. விழுந்த மரத்து மேலயே உட்கார்ந்து பேசிக்கிட்டு இருந்தோம். பேசாமலும் இருந்தோம். "ஏன் சும்மா உட்கார்ந்திருக்கே"ன்னு யாரும் யாரையும் கேக்கலை. அது நாங்க யோசிச்சு எடுத்த முடிவு இல்ல. அமாவாசையும் சாவு வீடும் சொல்லிக் கொடுத்தது கை தன்னால செஞ்சுது. நிறுத்தக் கூடாததை மட்டும் செய், மத்ததை நிறுத்து, எல்லாரும் சேர்ந்து நிறுத்து.

பதினோராவது நாளோ என்னமோ, ஒருத்தர் அரிவாளை எடுத்துக்கிட்டுத் தோப்புக்குப் போனார். அப்புறம் ஒவ்வொருத்தரா போனோம்.

இப்போ அமாவாசைக் கட்டும் தளர்ந்து போச்சு. மாடு இருந்த வரைக்கும் அது இருந்துது. டிராக்டருக்கு அமாவாசை தெரியாது. மணிக் கணக்குல வாடகை, மேட்டூர்த் தண்ணி வந்ததும் எல்லாருக்கும் ஒரே நாள்ல வேணும், ராத்திரி ரெண்டு மணிக்கும் லைட்டைப் போட்டுக்கிட்டு ஓடும். ஓட்டுற பையன் கண்ணு சிவந்து கிடக்கும். "தூங்கினியாடா?"ன்னு கேட்டா, "சீசன் முடியட்டும் மாமா"ம்பான். மாடு களைச்சா நமக்குத் தெரிஞ்சுது. வண்டி களைக்காது, அதனால ஓட்டுறவன் களைச்சாலும் தெரியறதில்ல. உங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் கதையும் இதேதானே?

ஊர் சேர்ந்து நின்ன காலம் போனதால இனி அவங்கவங்கதான் நிறுத்திக்கணும். அதுக்கு நான் வெச்சிருக்கிற வழி பழைய வழிதான். முடியாத நாள்ல காலையில எழுந்ததும் ஒரே ஒரு கணக்கு போடுவேன்: இன்னைக்கு நின்னா சேதம் ஆகிற வேலை எது? மாட்டுக்குத் தண்ணி, தீவனம். மடை. வீட்ல ஒரு வேளைச் சோறு. இதை முடிச்சுட்டா அன்னைக்கு நாள் முடிஞ்சுதுன்னு அர்த்தம். களை நாளைக்கும் இருக்கும், வரப்பு எங்கயும் ஓடிடாது. யாராவது வந்து கேட்டா, "இன்னைக்கு நமக்கு அமாவாசைங்க"ன்னு சொல்லிடுவேன். எங்க ஊர்ல இது இப்போ கொஞ்சம் பரவியும் போச்சு. அமாவாசை இல்லாத நாள்ல அமாவாசைன்னு யாராவது சொன்னா, புரிஞ்சுகிட்டு மேல கேக்காமப் போயிடுவாங்க. முடிஞ்சா மடையைப் பார்த்துட்டுப் போவாங்க.

உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தா தாராளமா எடுத்துக்கோங்க. கைது ஆகி, அடி வாங்கி, உயிரைக் கொடுத்துப் பல பேர் வாங்கி வெச்ச நாள் அது, குத்த உணர்ச்சியில வீணாக்கக் கூடாது. அதோட ஒண்ணு. உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற அக்கா, அபார்ட்மெண்ட் வாசல்ல நிக்கற வாட்ச்மேன் அண்ணன், இவங்களுக்கெல்லாம் மாசத்துல எத்தனை அமாவாசைன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. "ஒரு நாள் வரலைன்னா சம்பளத்துல பிடிப்பாங்க"ன்னு பதில் வந்தா, அந்த ஒரு நாளைக் கூலியோட கொடுக்கிற அதிகாரம் உங்க கையிலதான் இருக்கு. அதுக்கு ஒரு சட்டமும் தேவையில்ல.